தண்ணீர் கலங்காமல் நடக்கச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பழவேற்காடு ஏரிக்கரையில் நடந்தது இது. அந்த ஊருக்கு வெளியே யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவியிடம் பாதி சொன்னேன். சொல்லாமல் விட்ட பாதியில்தான் என் தப்பு இருக்கிறது.

நான் சென்னையில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். வண்டி என்னுடையது. ஏர்போர்ட், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று சவாரி அடித்து அலுத்துப்போய், ஒரு நாள் சுற்றுலா என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தேன். ஒரு கார், ஒரு குடும்பம், ஒரு நாள். கூட்டத்தோடு பஸ்ஸில் அடைந்துகொண்டு போக வேண்டியதில்லை. 'அரண்மனை, மீனவ கிராமம், பழைய சந்தை, மூன்றும் ஒரே நாளில்' என்று போனில் விளம்பரம் தயார் செய்து, தெரிந்த எல்லா குரூப்பிலும் போட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் வீட்டில் என்னைத்தான் காட்டிச் சொல்வார்கள்.

பழவேற்காட்டில் அரண்மனை கிடையாது. டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இருந்தது. இப்போது அது சீமைக் கருவேலம் மண்டிய ஒரு மேடு, அங்கங்கே கொஞ்சம் செங்கல், அவ்வளவுதான். அதைத்தான் நான் அரண்மனை என்று விற்றுக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால், "கோட்டை கட்டினவன் உள்ளே குடிசையிலா இருந்திருப்பான்?" என்று திருப்பிக் கேட்பேன். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு வந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவரோடு சேர்ந்து பார்க்க நினைத்த இடங்களையெல்லாம் இப்போது தனியாகப் பார்த்துக்கொண்டு வருவதாக வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டார். பொன்னேரியில் ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது.

அன்றைக்கு எதுவுமே சரியாக அமையவில்லை. முதலில் டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். இந்த அம்மா எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் போன துக்கத்தில் இருப்பவரை முதல் வேலையாகக் கல்லறைக்கா கூட்டி வருவது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து சந்தைக்குப் போனோம். போய்ச் சேர்வதற்குள் மீன் ஏலம் முடிந்து, தரையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாகக் கோட்டை மேடு.

"அரண்மனை எங்கீங்க?" என்று கேட்டார்.

கையைக் காட்டினேன். முள்ளுக்குள் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "சரிங்க" என்றார். கோபமில்லை, கேலியுமில்லை. என் பதிலை அவர் பரீட்சைத் தாளில் தப்புப் போடுவதுபோல ஒதுக்கிவிட்டார் என்று பட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. இந்த நாளைக்கு ஒரு நல்ல காட்சியாவது காட்டிவிட வேண்டும், அதை ஒரு நல்ல படமாக எடுத்து விளம்பரத்திலும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. எல்லாம் நானாக இழுத்துவிட்டுக்கொண்டது.

பாலத்தைத் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பம் போகும் வழியில், ஏரியோரமாக வண்டியை நிறுத்தினேன். இரண்டு பெண்கள் அப்போதுதான் ஏரியிலிருந்து கரையேறியிருந்தார்கள். இறாலைக் கையாலேயே பிடிக்கிறவர்கள். வலை, படகு எதுவும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவிப் பிடித்து, பனை ஓலையில் முடைந்த பறிக்குள் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அந்த இருவரும் நாத்தனார், அண்ணி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அண்ணிக்கு நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இதிலும் அப்படியே சொல்கிறேன்.

"அக்கா, இவங்க கோயம்புத்தூர்லருந்து வந்திருக்காங்க. எப்படிப் பிடிக்கிறீங்கன்னு ஒரு தடவை இறங்கிக் காட்டுங்களேன்" என்றேன்.

"முடிஞ்சி போச்சி சார். விடியக்காலம் எறங்கினது, இப்பதான் ஏறினோம்" என்றார் நாத்தனார். அவருக்கு என்னைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அக்கா கோயம்புத்தூர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவின் நெற்றியைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். "பாவம், அம்மா தனியா வந்துக்கிறாங்க. ஒரு வாட்டி எறங்கிட்டு வந்துர்றேன்" என்று பறியைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்குள் போனார்.

காற்றே இல்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான் தண்ணீர், அடி மண் தெரிந்தது. அக்கா காலைத் தூக்காமல், தரையோடு தரையாகத் தேய்த்துக்கொண்டே போனார். போய்க்கொண்டே, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொன்னார்: "காலத் தூக்கி வெக்கக் கூடாதும்மா. இப்டித் தேச்சிக்கினே போவணும். அடில திருக்க மீனு படுத்துக்கினு இருந்தா, கால் பட்டதும் நவுந்து ஓடிரும். மேல மிதிச்சாத்தான் வால் முள்ளால அடிக்கும்."

இது என் காதிலும் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலைத் தேய்க்கத் தேய்க்கச் சேறு கிளம்பி, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. படத்தில் அவருடைய கால் தெரியவில்லை, அடி மண் தெரியவில்லை, வெறும் கலங்கல்தான்.

"அக்கா, தண்ணி கலங்குது. அந்தப் பக்கம் தெளிவா இருக்கு பாருங்க, அங்க காலைத் தூக்கி வெச்சு நடங்க. படம் நல்லா வரும்" என்றேன்.

அக்கா தயங்கினார். கரையில் நின்ற நாத்தனார், "அய்ய, வாணாம் அண்ணி" என்றார். "நாலே நாலு அடிதான்க்கா" என்றேன். வந்தவர்கள் கேட்கிறார்கள், இதற்குப்போய் முடியாதென்று சொல்வதா என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தெளிந்த பக்கத்துக்குப் போய், காலைத் தூக்கி வைத்து நடந்தார். தண்ணீர் கலங்கவில்லை. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது அடியோ நான்காவது அடியோ, சரியாக ஞாபகமில்லை.

அவர் கத்தவில்லை. வாய் திறந்து பறி விழுந்தது. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் பறியிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. காலைச் சுற்றித் தண்ணீர் சிவப்பாயிற்று.

நான் ஷூவோடு தண்ணீரில் இறங்கினேன். நாத்தனார் எனக்கு முன்னால் போய்க்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "காலத் தேச்சிக்கினு வா."

தேய்த்துக்கொண்டு போனேன். அக்கா சொன்னபோது மண்டையில் ஏறாதது, என் கால் என்றதும் உடனே ஏறிவிட்டது. அவசரத்திலும் ஒரு அடியைக்கூட நான் தூக்கி வைக்கவில்லை.

கரைக்குத் தூக்கி வந்தோம். கணுக்காலுக்குக் கீழே, புறங்காலில், கத்தி இறங்கியதுபோல ஒரு காயம். மீன் வண்டியிலிருந்து ஐஸ் வாங்கி வரலாம் என்று நான் ஓடப்பார்த்தேன். நாத்தனார் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஐஸ் வெச்சா இன்னும் கடுக்கும். வெந்நி எட்த்தா." பக்கத்திலிருந்த டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய வெந்நீர் வாங்கி வந்தேன். கால் பொறுக்கும் சூட்டுக்குப் பச்சைத்தண்ணீர் கலந்து அதில் காலை வைத்ததும்தான் அக்காவுக்கு மூச்சே வந்தது. வாளியோடு பின்சீட்டில் ஏற்றிப் பொன்னேரிக்கு ஓட்டினேன். கோயம்புத்தூர் அம்மா வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்து வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் தளும்பியது. வலியில் முகமெல்லாம் கோணிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அக்கா என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். "சீட்டு நனயுது சார்."

ஆஸ்பத்திரியில், என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்காவே சொல்லிவிட்டார். "ஏரில போய்க்கினு இருந்தேன், தெரியாம மிதிச்சிட்டேன்." எனக்கு அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது மீஞ்சூர் தாண்டியதும் கோயம்புத்தூர் அம்மா பேசினார். "நீங்க காலைத் தூக்கச் சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்க. அவங்க எனக்குத்தான் விளக்கமாச் சொன்னாங்க. நானாச்சும் தடுத்திருக்கோணும்." நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், இல்லைங்கம்மா, தப்பு என்னுடையதுதான் என்று. கியரை மாற்றினேன், அவ்வளவுதான் செய்தேன். அவரை இறக்கிவிட்ட பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. அழித்துவிட்டேன்.

மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நாத்தனாரின் நம்பரை ஆஸ்பத்திரியிலேயே வாங்கி வைத்திருந்தேன், கூப்பிடவும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கடைசியில் ஒரு நாள் பழத்தை வாங்கிக்கொண்டு போனபோது விஷயம் கைமீறியிருந்தது. திருக்கை முள்ளின் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது. புண் ஆறாமல் அழுகி, சென்னைக்குக் கொண்டுபோய், இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நான் போன அன்று கட்டுப்போட்ட காலை நீட்டி, வீட்டுச் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வா சார்" என்றார்.

அவருடைய கணவர் படகுகளில் கூலிக்கு வலை இழுக்கப் போகிறவர். நல்ல மனிதர். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவான் என்றே அவர் என்னை நினைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க நைனா காலத்துலருந்து இந்த ஏரிதான் சார். இவ இருவது வருசமா எறங்குறா. சின்னப் பசங்களுக்கே மொதல்ல காலத் தேய்க்கத்தான் கத்துக்குடுப்போம். இவ போய் தூக்கி வெச்சிருக்கா. இன்னா சொல்றது, சொல்லு" என்றார். பிறகு அவரே சிரித்தார். "கொழாயடில பொம்பளைங்க பேரு வெச்சிட்டாங்க சார். நடக்கத் தெரியாதவன்னு."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைத் திருகிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏரியில் இறங்குகிறவர்களுக்கு அடிபடுவதும் வெட்டுப்படுவதும் சகஜம், அதில் கேவலமில்லை. காலைத் தூக்கி வைத்து அடிபட்டால் கேவலம். இருபது வருட வேலைக்காரியை ஊரே நடக்கத் தெரியாதவள் என்று சொல்கிறது, அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவேண்டிய ஆள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

டீ வந்தது, குடித்தேன். பயம்தான் காரணம், வேறெதையும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. குப்பத்து ஆட்கள் கூடிவிடுவார்கள், வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். வாயை விட்டது நான், கால் போனது அந்த அக்காவுக்கு.

அதற்குப் பிறகு பழவேற்காடு பயணத்தை நிறுத்திவிட்டேன். விளம்பரத்தையும் எடுத்துவிட்டேன். ஏதோ பெரிய தியாகம் செய்ததுபோல இருந்தது. அதனால் அந்த அக்காவுக்கு ஒரு இறால் கூடக் கிடைத்திருக்காது என்பது எனக்கே தெரியும். மறுபடியும் ஏர்போர்ட் சவாரி. ராத்திரியில் தூக்கம் வராது. மனைவி கேட்டபோதுதான், என் தப்பு வராத அந்தப் பாதியை மட்டும் சொன்னேன்.

ஆறு மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாய்விட்டே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா கரையோரம் பிளாஸ்டிக் சாக்கை விரித்து, மற்றவர்கள் பிடித்து வந்த இறாலைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கால் ஆறியிருந்தது. ஆனால் தண்ணீரில் இறங்குவதில்லை. அந்தப் பாதத்தில் உணர்ச்சி இல்லை, சேற்றில் தேய்த்தாலும் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லையாம். பக்கத்தில் கணவர் இருந்தார், நாத்தனார் இருந்தார், இன்னும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். நல்லதாயிற்று, எல்லோர் முன்பும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

சொன்னேன். தண்ணீர் கலங்குகிறது, படம் நன்றாக வராது, காலைத் தூக்கி வையுங்கள் என்று நான்தான் சொன்னேன், அவர் முதலில் தயங்கினார், நான் வற்புறுத்தினேன், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அவருடைய கணவர் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். "இன்னாமே சொல்றாரு சாரு?" என்று கேட்டார்.

அக்கா கையிலிருந்த இறாலை இரண்டு குவியலில் எதில் போடுவதென்று ஒரு கணம் பார்த்தார். சின்னதில் போட்டார். "சாரு மனசு கேக்காம ஏதோ சொல்றாரு. யாரும் எதுவும் சொல்லல. நானாதான் தூக்கி வெச்சேன்" என்றார்.

"அக்கா…" என்றேன்.

"வுடு சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவும் இடம் வைக்கவில்லை. பெண்கள் தலையைக் குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கணவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டார்.

வண்டிவரை நாத்தனார் கூடவே வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கதவைத் திறக்கும்போது சொன்னார்: "நீ சொன்னது நெசம். நானும் கேட்டேன். ஆனா வெளியாள் ஒருத்தன் போட்டோ புடிக்கறதுக்கோசரம் அண்ணி காலத் தூக்கிச்சின்னா, அதுக்கு இன்னும் சிரிப்பாங்க. இப்பதான் சிரிச்சி ஓஞ்சிக்கிறாங்க. மறுபடி நீ கெளப்பி வுடாத." பிறகு, "இனிமே வராத சார்" என்றார். கேட்டுக்கொள்வதுபோலத்தான் சொன்னார்.

நான் போகவில்லை. பொன்னேரி வரை சவாரி வந்தாலும் அங்கேயே திரும்பிவிடுகிறேன். டீ குடித்த அந்த நாளில் நான் வாயைத் திறந்திருந்தால் ஒருவேளை அவர் தலை நிமிர்ந்திருப்பார். ஆறு மாதம் கழித்து நான் கொண்டுபோன உண்மை அவருக்கு இன்னொரு அடியாகத்தான் விழுந்தது. என் மனப்பாரத்தை இறக்கிவைக்கத்தான் அன்று போனேன், அவருக்காகப் போகவில்லை என்பதும் அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கும். நடக்கத் தெரியாதவள் என்ற பெயரோடு அவர் இன்னமும் அந்தக் கரையில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருப்பார்; என்னிடம் இருக்கும் உண்மையை வாங்கிக்கொள்ள அந்த ஊரில் யாரும் இல்லை.